காதோடு சொல்வதும் ஊரறியச் சொல்வதும்: ஆங்கில மரபுத்தொடர்கள் இடறும் இடங்கள்

"இதை யாரிடமும் சொல்லாதே" என்று தமிழில் ஒரே மூச்சில் முடிகிற விஷயத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு டஜன் மரபுத்தொடர்கள் உண்டு. அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் நேராக "ரகசியமாக வைத்திரு" என்றே போட்டிருக்கும். நண்பருக்குத் தெரியாமல் அவருடைய பிறந்தநாள் விருந்துக்கு ஏற்பாடு நடக்கும்போது "மம்ஸ் தி வேர்ட்" என்று கண்ணடித்துச் சொல்லலாம். இரண்டு நிறுவனங்கள் இணைவது பற்றிய கடிதத்தை அதே தொடரால் முடித்தால் படிப்பவருக்குச் சிரிப்பு வரும். பொருள் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். தொனிதான் காலை வாரிவிடுகிறது.

ஆங்கிலத்தை ஓரளவு கரைத்துக் குடித்தவர்களும் இந்தப் பகுதியில் தடுமாறுவதற்குக் காரணம், இந்தத் தொடர்கள் பொருளோடு சேர்த்து ஒரு தீர்ப்பையும் சுமந்து வருவது. அது யாருடைய ரகசியம், வேண்டுமென்றே வெளியே விட்டாரா அல்லது வாய் தவறியா, சொல்பவர் அதை விளையாட்டாகப் பார்க்கிறாரா அல்லது கண்டிக்கிறாரா என்பதெல்லாம் தொடருக்குள்ளேயே அடங்கியிருக்கும். புதிதாக ஒரு தொடரைக் கற்கும்போது பொருளுக்குப் பக்கத்தில் இந்த மூன்றுக்கும் விடை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பிழைகள் அப்போதே குறையும்.

நமக்குள் இருக்கட்டும்

மிக எளியது "பிட்வீன் யூ அண்ட் மீ". நம்முடைய "நமக்குள்ளே இருக்கட்டும்" என்பதற்கு ஏறக்குறைய சமம். ஆனால் புழக்கத்தில் இது பெரிய ரகசியத்துக்கு முன்னால் வருவதைவிட, நாலு பேர் முன் சொல்லத் தயங்கும் சொந்தக் கருத்துக்கு முன்னால்தான் அதிகம் வரும். "பிட்வீன் யூ அண்ட் மீ, அவர் இந்த வேலையில் நிலைக்க மாட்டார்" என்கிற மாதிரி. கேட்பவர் சத்தியம் செய்ய வேண்டியதில்லை, தலையை ஆட்டினால் போதும்.

இதில் இலக்கணப் பொறி ஒன்று இருக்கிறது. "பிட்வீன் யூ அண்ட் ஐ" என்று சொல்லும் ஆங்கிலேயர்களே ஏராளம். "ஐ" என்றால் மரியாதையான ஆங்கிலம் என்கிற நினைப்பில் வருவது அது. "பிட்வீன்" என்பது முன்னிடைச்சொல், அதன் பின்னால் "மீ" வருவதே முறை. எழுத்துத் தேர்வில் "ஐ" எழுதினால் மதிப்பெண் போகும். "பிட்வீன் யூ, மீ அண்ட் தி கேட்போஸ்ட்" என்று வாசற்கம்பத்தையும் கூட்டில் சேர்த்துக்கொள்கிற வேடிக்கை வடிவமும் உண்டு. அதைப் பேச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"கீப் இட் அண்டர் யுவர் ஹாட்" என்பது தொப்பிக்கடியில் வைத்துக்கொள் என்பது. சற்றுப் பழைய வாடை வீசும், நட்பான தொனி. "டோன்ட் ப்ரீத் எ வேர்ட்" நமக்கு மிக எளிதாக ஒட்டும், ஏனென்றால் "மூச்சு விடாதே" என்பதை நாம் அதே பொருளில் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். இந்தத் தொடர் பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும். "ஷி ப்ரீத்டு எ வேர்ட்" என்று உடன்பாட்டில் எழுதினால், சொல்லிவிட்டாள் என்று யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள். வேண்டுகோளுக்கு ஏற்ற பதில் "மை லிப்ஸ் ஆர் சீல்டு". வாயைத் தைத்துக்கொண்டேன் என்று சிரித்தபடி சொல்வது போன்றது. சட்டம், மருத்துவம், பணம் சார்ந்த பேச்சில் இதைச் சொன்னால் விஷயத்தை லேசாக எடுத்துக்கொண்டீர்கள் என்று தோன்றும். அங்கே "ஐ வில் கீப் இட் கான்ஃபிடென்ஷியல்" என்று வெறும் வாக்கியமாகச் சொல்வதே மேல். மரபுத்தொடர் வேண்டாத இடம் எது என்று தெரிந்துகொள்வதும் தேர்ச்சியில் சேர்த்திதான்.

"கான்ஃபிடன்ஸ்" என்ற சொல்லுக்கு வருவோம். அதிகமானோர் வழுக்குவது இதில்தான், ஏனென்றால் ஒரே சொல் "நம்பிக்கை"க்கும் "அந்தரங்கம்"கும் சேர்த்து உழைக்கிறது. "ஐ டோல்ட் ஹர் இன் கான்ஃபிடன்ஸ்" என்றால் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையில் அவளிடம் சொன்னேன். "இன்" இருந்த இடத்தில் "வித்" போட்டால் தயங்காமல், உறுதியோடு சொன்னேன் என்று அர்த்தமே தலைகீழாகிவிடும். "டேக் சம்ஒன் இன்டு யுவர் கான்ஃபிடன்ஸ்" என்பது ஒருவரை நம் அந்தரங்க வட்டத்துக்குள் சேர்த்துக்கொள்வது. "ஹேவ் கான்ஃபிடன்ஸ் இன் சம்ஒன்" என்பதற்கு ரகசியத்தோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அவருடைய திறமையை நம்புகிறோம் என்பதோடு முடிந்தது. வினைச்சொல்லாக வரும்போது ஆளைக் குறிக்க "கான்ஃபைட் இன்", சொன்ன விஷயத்தையும் சேர்த்தால் "கான்ஃபைட் சம்திங் டு". அந்தரங்கத் தோழரை "கான்ஃபிடான்ட்" என்பார்கள். அதைத் தன்னம்பிக்கையுள்ளவர் என்ற சொல்லின் எழுத்தில் எழுதிவிடுவது அன்றாடம் நடக்கும் பிழை.

ரெக்கார்ட் என்ற சொல்லின் விளையாட்டு

இந்தக் குடும்பத்துக்குக் கொஞ்சம் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு முன்னிடைச்சொல் மாறினால் ஆளுக்கு வேலையே போகக்கூடிய இடம் இது.

"ஆன் தி ரெக்கார்ட்" என்றால் நான் சொன்னதை என் பெயர் போட்டே வெளியிடலாம். "ஆஃப் தி ரெக்கார்ட்" என்றால் நான் சொன்னதை வெளியிடவே கூடாது. இரண்டுக்கும் நடுவே பத்திரிகைத் துறையில் இன்னும் இரண்டு படிகள் உண்டு. "ஆன் பேக்ரவுண்ட்" என்றால் தகவலைப் பயன்படுத்தலாம், பெயர் மட்டும் வராது, "மூத்த அதிகாரி ஒருவர்" என்பது போல இருவரும் ஒத்துக்கொண்ட அடையாளம் வரும். "டீப் பேக்ரவுண்ட்" என்றால் அந்த அடையாளமும் கிடையாது, தகவல் மட்டும் பயன்படும்.

இங்கே செய்யப்படும் பெரிய தவறு மொழித் தவறு அல்ல, நேரத் தவறு. "ஆஃப் தி ரெக்கார்ட்" என்பது ஓர் ஒப்பந்தம். பேசுவதற்கு முன்னால் கேட்க வேண்டும், எதிராளி சரி என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கடைசியில் "இதெல்லாம் ஆஃப் தி ரெக்கார்ட்" என்று சேர்த்தால், அதை ஏற்க வேண்டிய கட்டாயம் பத்திரிகையாளருக்கு இல்லை. இன்னொன்று, இந்தச் சொற்களுக்கு எல்லாரும் ஒரே பொருள் கொள்வதில்லை. ஒருவர் "பேக்ரவுண்ட்" என்பதை இன்னொருவர் "ஆஃப் தி ரெக்கார்ட்" என்பார். அதனால் சொல்லை மட்டும் சொல்லி நிறுத்தாமல், "என் பெயர் வரக்கூடாது, தகவல் வரலாம்" என்று பிரித்துச் சொல்லிவிடுவதே பாதுகாப்பு. அலுவலகத்திலோ நண்பர்களிடையிலோ இதே தொடரைச் சொன்னால் அத்தனை கறார் கிடையாது, "இதை அதிகாரபூர்வமாக எடுத்துக்கொள்ளாதே" என்ற அளவில்தான் நிற்கும்.

"தி" விழுந்துவிட்டால் கதை வேறு. "தி ஹாட்டஸ்ட் சம்மர் ஆன் ரெக்கார்ட்" என்பது பதிவேட்டில் உள்ளவற்றிலேயே கடுமையான கோடை. "கோ ஆன் ரெக்கார்ட்" என்பது பின்னால் மாற்றிப் பேச முடியாதபடி வெளிப்படையாக ஒரு நிலைப்பாட்டைச் சொல்வது. அதன் பின்னால் பெரும்பாலும் "ஆஸ் சேயிங்" அல்லது "ஆஸ் அப்போசிங்" என்று தொடரும். "ஃபார் தி ரெக்கார்ட்" என்பதைப் பலர் "பகிரங்கமாக" என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது "ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்" என்கிற முன்னுரை. "ஃபார் தி ரெக்கார்ட், அந்தக் கூட்டத்துக்கு நான் போகவே இல்லை" என்பதில் கொஞ்சம் தற்காப்பு வாடை அடிப்பதைக் கவனியுங்கள். சாதாரணத் தகவலுக்கு முன்னால் இதைப் போட்டால், யாரோ உங்கள் மேல் பழி போட்டதாகத் தோன்றும். "செட் தி ரெக்கார்ட் ஸ்ட்ரெய்ட்" என்றால், உலவிக்கொண்டிருக்கும் தவறான தகவலைத் திருத்துவது. தவறு ஒன்று ஏற்கெனவே பரவியிருந்தால்தான் இதற்கு வேலை.

இதே வட்டத்தில் பன்னாட்டுக் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் கட்டாயம் கேட்பது "சாட்டம் ஹவுஸ் ரூல்". எழுத்தில் "ஹெச்" இருந்தாலும் உச்சரிப்பு "சாட்டம்"தான். லண்டனில் உள்ள பன்னாட்டு விவகார ஆய்வு நிறுவனத்தின் கட்டடப் பெயர் அது. 1927ல் உருவான விதி, 1992லும் 2002லும் செப்பனிடப்பட்டது. கூட்டத்தில் கேட்ட தகவலை வெளியே பயன்படுத்தலாம், ஆனால் அதை யார் சொன்னார், அவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர், வேறு யாரெல்லாம் வந்திருந்தார்கள் என்பதை வெளியிடக்கூடாது. ஆகவே இது "ஆஃப் தி ரெக்கார்ட்" அல்ல. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கூட்டத்தில் கேட்டதை எங்குமே பேசாமல் இருப்பவர்கள் உண்டு. விதி கேட்பது அதை அல்ல. விதி ஒன்றே ஒன்று என்பதால் பன்மையில் "ரூல்ஸ்" என்பதும் பிழை.

கதவு தொடர்பான தொடர் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். "பிஹைண்ட் க்ளோஸ்டு டோர்ஸ்" என்பது வெளியாருக்கு அனுமதி இல்லாமல் நடந்தது என்று சொல்வது. அரசியல் செய்தியில் வந்தால் "மறைக்கிறார்கள்" என்ற குற்றச்சாட்டு இழையோடும். விளையாட்டுச் செய்தியில் வந்தால் பார்வையாளர் இல்லாமல் ஆடிய ஆட்டம், அவ்வளவே, குற்றச்சாட்டு ஏதும் இல்லை. "க்ளோஸ் டோர் மீட்டிங்" என்று எழுதுவது வழக்கமான சறுக்கல், "க்ளோஸ்டு" என்பதுதான் சரி.

குட்டு எப்படி உடைந்தது

பூனையும் அவரைக்காயும். "லெட் தி கேட் அவுட் ஆஃப் தி பேக்" என்பதை "பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது" என்று தமிழ்ச் செய்தித்தாள்களே எடுத்துக்கொண்டுவிட்டன. "ஸ்பில் தி பீன்ஸ்" என்பதற்கும் அகராதி அதே பொருளைத் தரும். ஆனால் பூனை பெரும்பாலும் கவனக்குறைவால் நழுவுகிறது. அவரையைக் கொட்டுபவர் தெரிந்தே கொட்டலாம், யாராவது நெருக்கியதால் கொட்டலாம். விசாரணையில் ஒருவர் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார் என்றால் பீன்ஸ்தான் பொருந்தும், பூனை பொருந்தாது. "கம் ஆன், ஸ்பில் தி பீன்ஸ்" என்று ஒருவரை உசுப்பலாம். "கம் ஆன், பூனையை விடு" என்று உசுப்ப முடியாது, தெரியாமல் செய்வதை யாரும் கட்டளையிட முடியாதல்லவா. நடந்து முடிந்த நிலையைச் சொல்ல "தி கேட் இஸ் அவுட் ஆஃப் தி பேக்" என்பது இயல்பு. பீன்ஸுக்கு அப்படியொரு இயல்பான வடிவம் இல்லை.

(பூனை ஏன் பைக்குள் போனது, அவரைக்காய் எந்தத் தேர்தலில் சிந்தியது என்று ஊருக்கு ஊர் கதை சொல்வார்கள். பெரும்பாலானவற்றுக்கு ஆதாரம் இல்லை. தொடரைச் சரியாகக் கையாள அந்தக் கதைகள் உதவுவதும் இல்லை.)

வாய் தவறியதற்கு நேரான தொடர் "லெட் இட் ஸ்லிப்". இதோடு "ஸ்லிப் ஆஃப் தி டங்" என்பதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது நாக்குழறி ஒரு சொல்லுக்குப் பதில் வேறு சொல் வருவது. அதில் ரகசியம் எதுவும் போகவேண்டிய அவசியமில்லை. "கிவ் தி கேம் அவே" என்பதற்கு வாய்கூடத் தேவையில்லை, முகமே காட்டிக்கொடுத்துவிடலாம். "ஸ்பில் தி டீ" என்று இளையவர்கள் சொல்வது ஊர்வம்பைக் கேட்பது. அமெரிக்கக் கறுப்பின ட்ராக் கலைஞர்களின் (பெண் வேடமிட்டு மேடையேறுபவர்கள்) வழக்கிலிருந்து பொதுப் பேச்சுக்கு வந்தது. பீன்ஸுக்குப் பதில் அலுவலகத்தில் இதைப் பயன்படுத்தினால் பொருந்தாது.

"கம் க்ளீன்" என்றால் தன் தவறைத் தானே ஒப்புக்கொள்வது. அடுத்தவர் குட்டை உடைப்பதற்கு இது ஆகாது. "அவர் நண்பரின் மோசடி பற்றி கம் க்ளீன் ஆனார்" என்றால், அந்த மோசடியில் இவருக்கும் பங்கு என்று பொருளாகிவிடும். தவறே செய்யாதவர் தன் ரகசியத்தைச் சொல்வதற்கும் இது ஒத்துவராது. கருவுற்றிருப்பதை வீட்டாரிடம் சொன்னவளைப் பற்றி "ஷி கேம் க்ளீன்" என்றால், கருவுற்றதையே குற்றமாக்கிவிட்டீர்கள். மனதில் அடைத்துக்கொண்டிருப்பதை இறக்கி வைப்பதற்கு "கெட் இட் ஆஃப் யுவர் செஸ்ட்". இதில் குற்றம் இல்லை, பாரம்தான் இருக்கிறது.

அடுத்தவர் செய்த முறைகேட்டை, உள்ளேயிருந்து பார்த்தவர், அதைத் தடுக்கக்கூடியவர்களிடமோ பொதுவெளியிலோ சொன்னால் அது "ப்ளோ தி விசில் ஆன்". மூன்று நிபந்தனைகளில் ஒன்று குறைந்தாலும் தொடர் ஆட்டம் காணும். சக ஊழியருடைய காதலை மேலாளரிடம் சொல்வது விசில் அல்ல, கோள். அதற்கு "டெல் டேல்ஸ்" என்ற இளப்பமான தொடர் இருக்கிறது. ஒரே செயலைச் சொல்பவர் விசில் என்பார், மாட்டிக்கொண்டவர் டேல்ஸ் என்பார். எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். நடுநிலையாக எழுத வேண்டுமென்றால் "ரிப்போர்ட்டட்" என்ற வெற்றுச்சொல்லே போதும்.

ஊரறிய

"கோ பப்ளிக்" என்பதற்கு இரண்டு முகம். நிறுவனம் செய்தால் பங்குச்சந்தையில் முதல்முறை பங்குகளை வெளியிடுவது. ஆள் செய்தால் அதுவரை மூடி வைத்ததைப் பகிரங்கமாக்குவது. இந்த இரண்டாவது பொருளில் விஷயத்தைச் சொல்ல "வித்" வேண்டும்: "ஷி வென்ட் பப்ளிக் வித் ஹர் கம்ப்ளெய்ன்ட்". ஒரு நிறுவனம் புகாரை வெளியிட்டதைப் பற்றி எழுதும்போது "வித்" விட்டுப்போனால், வாசகர் பங்கு வாங்கக் கிளம்பிவிடுவார்.

"ஸ்பீக் அப்", "ஸ்பீக் அவுட்" இரண்டையும் மாற்றிப் போடுவது பழகிய தேர்வர்களுக்கும் நேர்வது. தொலைபேசியில் குரல் கேட்கவில்லை என்றால் "ஸ்பீக் அப்". கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தவர் கருத்தைச் சொன்னாலும், ஒருவருக்காகப் பரிந்து பேசினாலும் அதுவே. அநீதி ஒன்றைப் பற்றி ஊர் கேட்கும்படி, துணிந்து பேசினால் "ஸ்பீக் அவுட் அகெய்ன்ஸ்ட்". குரல் கேட்காதவரிடம் "ஸ்பீக் அவுட்" என்றால், எதை எதிர்த்துப் பேச வேண்டும் என்று அவர் விழிப்பார்.

"ஷவுட் இட் ஃப்ரம் தி ரூஃப்டாப்ஸ்" என்பது கூரையேறிக் கூவுவது. மகிழ்ச்சியில் வருவது. இருட்டில் பேசியது கூரைமேல் அறிவிக்கப்படும் என்ற பைபிள் வரியின் சாயல் இதில் உண்டு (லூக்கா 12:3). பெரும்பாலும் நடந்த செயலைவிட ஆசையைச் சொல்லவே பயன்படும்: "ஐ வான்டட் டு ஷவுட் இட்". தம்பட்டம் அடிப்பது என்று நாம் சொல்லும்போது ஒட்டிக்கொள்ளும் ஏளனம் இதில் இல்லை. எனவே அந்தத் தமிழ்ச் சொல்லால் இதை மொழிபெயர்த்தால் தொனி கெட்டுவிடும்.

ஏளனமும் கண்டனமும் வேண்டுமென்றால் அழுக்குத்துணி இருக்கிறது. பிரிட்டனில் "வாஷ் யுவர் டர்ட்டி லினன் இன் பப்ளிக்", அமெரிக்காவில் "ஏர் யுவர் டர்ட்டி லாண்ட்ரி". வீட்டுச் சண்டையைச் சந்திக்கு இழுப்பதுதான் இரண்டும். முறைகேட்டை வெளிக்கொண்டு வந்தவரைப் பாராட்டி எழுதும் பத்தியில் இது வந்தால், பாராட்டு வசவாகிவிடும்.

"ஓப்பன் சீக்ரட்", ஊரறிந்த ரகசியம். எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ளவில்லை, ஆனாலும் ஊர் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. "தி எலிஃபன்ட் இன் தி ரூம்" என்பதோ எல்லாரும் பேசாமல் நழுவுகிற சங்கடமான விஷயம். கிசுகிசுக்கிறார்கள் என்றால் அங்கே யானைக்கு இடமில்லை. ஊரறிந்த ரகசியம் ஒன்று, அந்த ஆள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் யாரும் தொடாதபோது யானையாக மாறலாம்.

தகவல் எங்கிருந்து வந்தது என்பதற்கும் சில உண்டு, வேகமாகப் பார்த்துவிடலாம். ஆளைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க "எ லிட்டில் பேர்ட் டோல்ட் மீ", கொஞ்சம் குறும்பு. வாய்வழி வதந்தியென்றால் "த்ரூ தி க்ரேப்வைன்", பிரிட்டனில் "ஆன் தி க்ரேப்வைன்". சம்பந்தப்பட்டவரே சொன்னதென்றால் "ஸ்ட்ரெய்ட் ஃப்ரம் தி ஹார்ஸஸ் மவுத்". குதிரை வாயிலிருந்து வந்தது வதந்தி ஆகாது, அதனால் இதையும் க்ரேப்வைனையும் ஒரே வாக்கியத்தில் கட்டினால் ஒன்றை ஒன்று அடித்துவிடும்.

உருவம் மாறும் பகுதி, மாறாத பகுதி

தொடர் தெரிந்தும் பயன்படுத்தும்போது சிதைவது ஏனென்றால், எந்தப் பகுதி அசையும், எந்தப் பகுதி இறுகிப்போயிருக்கிறது என்று பார்க்காததுதான். "கீப் இட் அண்டர் யுவர் ஹாட்" என்பதில் உடைமைச்சொல் ஆளுக்கேற்ப மாறும், "ஹி கெப்ட் இட் அண்டர் ஹிஸ் ஹாட்". தொப்பியை "கேப்" ஆக்க முடியாது. பீன்ஸை ஒருமையாக்க முடியாது. "கீப் அண்டர் ராப்ஸ்" என்பதில் "ராப்ஸ்" பன்மையிலேயே இருக்கும், மூடி வைக்கப்படுவது திட்டமோ பொருளோ தகவலோ ஆக வேண்டும். "மம்ஸ் தி வேர்ட்" முழுவதுமே உறைந்த வாக்கியம். காலம் மாற்றிச் சொல்ல வேண்டுமென்றால் "கெப்ட் மம்" என்று தாவிவிடுங்கள், "தி மினிஸ்டர் கெப்ட் மம் அபௌட் தி டீல்" என்று செய்தித்தலைப்புகளில் பார்க்கலாம். அந்த "மம்" அம்மாவைக் குறிப்பதல்ல, உதட்டை மூடிக்கொண்டு எழுப்பும் ஒலிதான்.